முடக்கு வாதத்தில் தாடை மூட்டு: ஓபிஜி போதுமா, சிபிசிடியா, எம்.ஆர்.ஐ.யா?

முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவரின் கோப்பைத் திறந்தால் கை எக்ஸ்ரே இருக்கும், பாதத்தின் எக்ஸ்ரே இருக்கும், முழங்கால் படமும் இருக்கும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அடியில் ஒன்று நகர்கிறதே, அந்தத் தாடை மூட்டின் படம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அங்கே வலித்தாலும் நோயாளி அதை வாதத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. பல்வலி என்று பல் மருத்துவரிடம் போவார், காதுவலி என்று காது மருத்துவரிடம் போவார். பல்லிலும் காதிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் விட்டுவிடுவார்.

இதற்கு நோயாளியைக் குறை சொல்ல முடியாது. நோயின் தீவிரத்தை அளக்க எங்கும் பயன்படும் டாஸ்28 கணக்கிலேயே தாடைக்கு இடமில்லை. தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, கைவிரல் மூட்டுகள் 20, முழங்கால் 2, ஆக 28. தாடை இரண்டு பக்கமும் வீங்கி வலித்தாலும் இந்த மூட்டு எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாது. ‘நோய் அடங்கிவிட்டது’ என்று எழுதப்பட்ட ஒருவருக்குத் தாடையில் மட்டும் அழற்சி ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்கான வழி, யாராவது கேட்க வேண்டும், தேவைப்பட்டால் சரியான படம் எடுக்க வேண்டும். அந்தச் ‘சரியான படம்’ எது என்பதில்தான் குழப்பம். தாடைப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. தவறான ஸ்கேனில் நல்ல பதிலைத் தேடச் சொல்லி வரும் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூட்டுக்குள் நடப்பது என்ன?

கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையில் இரண்டு பக்கமும் ஒரு சிறு குமிழ் உண்டு. குறுக்கே இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அது மண்டையோட்டின் அடியில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாரால் ஆன ஒரு மெல்லிய தட்டு, அதை டிஸ்க் என்பார்கள். வாயைத் திறக்கும்போது குமிழ் முதலில் சுழல்கிறது, பிறகு டிஸ்க்கோடு சேர்ந்து முன்னால் வழுக்குகிறது. மூட்டின் உள்சுவரில், எலும்புகள் உரசும் இடங்களைத் தவிர்த்து, ஒரு சவ்வு படர்ந்திருக்கிறது. முடக்கு வாதம் தாக்குவது இந்தச் சவ்வைத்தான்.

வரிசை முக்கியம். முதலில் சவ்வு வீங்கித் தடிக்கும், மூட்டுக்குள் நீர் சேரும். எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோப்பு வரலாம். அழற்சி நீடித்தால் சவ்வு ஒரு திசுக்கட்டியாக வளர்ந்து எலும்பின் மேல் படரும். இதைப் பன்னஸ் என்பார்கள். அது எலும்பையும் டிஸ்க்கையும் அரிக்கத் தொடங்கும். அரிப்பு கூடக் கூடக் குமிழ் தட்டையாகி உயரம் குறையும். இரண்டு பக்கமும் உயரம் குறைந்தால் கீழ்த்தாடை பின்னோக்கிச் சரியும், கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டிக்கொண்டு முன்பற்கள் சேராமல் இடைவெளி விழும். தாடை பின்னால் போனால் மூச்சுக்குழாய்க்கான இடமும் சுருங்கும். குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று அது வேறு திசையில் தொல்லை கொடுக்கும்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். படம் எடுக்கும்முன் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். எலும்பு இதுவரை எவ்வளவு போயிருக்கிறது? இப்போது அங்கே அழற்சி எரிந்துகொண்டிருக்கிறதா? முதலாவது நடந்து முடிந்த சேதம், இரண்டாவது நடந்துகொண்டிருக்கும் நோய். ஒன்றை நன்றாகக் காட்டும் கருவி மற்றொன்றில் பெரும்பாலும் பலவீனமானது. முடக்கு வாதத்தில் தாடை மூட்டு எத்தனை பேருக்குப் பாதிக்கப்படுகிறது என்று தேடினால் மிகச் சிறிய விகிதத்திலிருந்து பெரும்பான்மை வரை எண்கள் கிடைக்கும். எந்தக் கருவியால் பார்த்தார்கள், எதைப் பாதிப்பு என்று எண்ணினார்கள் என்பது மாறும்போது விடையும் அப்படி மாறுகிறது.

ஓபிஜி: எல்லோரும் தொடங்கும் இடம்

பல் மருத்துவமனைகளில் எடுக்கும் நீளமான எக்ஸ்ரே இது. நின்றபடி ஒரு சிறு கட்டையின் பள்ளத்தில் முன்பற்களைக் கடித்துக்கொள்ள வேண்டும், கருவி தலையைச் சுற்றி வரும். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சும் மிகக் குறைவு, சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் வந்து சேர்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இது சில நாட்களின் பங்குதான்.

ஓபிஜியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தாடைப் பகுதியில் வலி என்று வருபவருக்கு முளைக்க இடமில்லாமல் சிக்கிய கடைவாய்ப்பல், வேருக்கடியில் சீழ், ஈறுநோயால் கரைந்த எலும்பு என்று மூட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஒரே பார்வையில் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை. இரண்டு குமிழ்களும் ஒரே படத்தில் வருவதால் ஒன்று மற்றொன்றைவிடச் சிறுத்திருக்கிறதா என்றும் தெரியும். பெரிய அரிப்பு, நன்றாகத் தட்டையான குமிழ் என்றால் இதிலேயே பிடிபடும்.

ஆனால் இந்தக் கருவி வடிவமைக்கப்பட்டதே பல்வரிசைக்காகத்தான். அதன் தெளிவான படலம் பல்வரிசையின் வளைவை ஒட்டிப் போகிறது, மூட்டு அதன் ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது. எக்ஸ்ரே கதிர் குமிழின் நீள அச்சை ஒட்டி வராமல் சாய்வாக வருகிறது. கன்னத்து எலும்பின் நிழல் மேலே வந்து விழுகிறது. அப்புறம் அந்தக் கட்டை. அதைக் கடித்துக்கொண்டிருக்கும்போது தாடை சற்று முன்னால் வந்துவிடுகிறது, எனவே குமிழுக்கும் குழிக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கியிருக்கிறதா என்று இந்தப் படத்தில் சொல்லவே முடியாது. சொல்லும் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றை நம்ப வேண்டாம்.

எவ்வளவு தவறவிடும்? தாடை மூட்டுத் தொல்லை உள்ளவர்களிடம் மூன்று வகைப் படங்களையும் எடுத்து ஒப்பிட்ட, 2009இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. சி.டி.யில் எலும்புத் தேய்மானம் உறுதியான மூட்டுகளில் ஓபிஜி அதைக் காட்டியது சுமார் 26 சதவீதத்தில்தான். எம்.ஆர்.ஐ. சுமார் 59 சதவீதம். இரண்டுமே இல்லாத தேய்மானத்தை இருப்பதாகக் காட்டியது மிக அரிது. அது பொதுவான தேய்மானத்தைப் பற்றிய ஆய்வு, முடக்கு வாதத்துக்கென்றே செய்ததல்ல. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு: ஓபிஜியில் சேதம் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. ‘ஓபிஜி நார்மல், தாடையில் பிரச்சினை இல்லை’ என்ற ஒற்றை வரியால் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போன மூட்டுகள் உண்டு.

எலும்புக்கு: சிபிசிடியும் சாதாரண சி.டி.யும்

எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் சிபிசிடிதான் என் தேர்வு. கூம்பு வடிவக் கதிரைத் தலையைச் சுற்றி ஒருமுறை அனுப்பி, கிடைப்பதை முப்பரிமாணமாகக் கட்டித் தரும் கருவி இது. பெரும்பாலும் உட்கார்ந்தோ நின்றோ எடுக்கலாம், 10 முதல் 40 விநாடிக்குள் முடியும். படத்தின் மிகச் சிறிய புள்ளி 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர்தான்.

ஓபிஜியில் ‘ஓரம் கொஞ்சம் மங்கல்’ என்று மட்டுமே சொல்ல முடிந்த குமிழைச் சிபிசிடியில் அதன் நீள அச்சுக்கு ஏற்பத் திருப்பி வெட்டிப் பார்க்கலாம். ஆரோக்கியமான குமிழின் மேல் ஒரு வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடும், அதுதான் எலும்பின் வெளித்தோடு. முடக்கு வாதத்தில் அந்தக் கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். அதற்கடியில் எறும்பு அரித்ததுபோல் ஒரு சிறு குழிவு. முன்பக்கச் சரிவில் அடிக்கடி இருக்கும், ஓபிஜியின் சாய்வுப் பார்வைக்கு அது எட்டவே எட்டாது. நோய் முற்றிய மூட்டில் குமிழின் தலை முழுவதும் கரைந்து, கழுத்து மட்டும் கூர்மையாக நிற்பதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரிப்பு இருப்பதாலேயே அது முடக்கு வாதம் என்று ஆகிவிடாது. வயதால் வரும் தேய்மானத்திலும் குமிழ் தட்டையாகும், அரிப்பு வரும். தேய்மானத்தில் எலும்பு முள்போல் வளர்வதும் அடர்ந்து வெளுப்பதும் அதிகம். முடக்கு வாதத்தில் இரண்டு பக்கமும் பாதிப்பு, புதிதாக எலும்பு வளராமலே அரிப்பு என்பது பொதுவான சித்திரம். ஆனால் பழைய வாத மூட்டின் மேலேயே தேய்மானமும் வந்து உட்காரும், அப்போது இரண்டையும் படத்தால் பிரிக்க முடியாது. இரத்தப் பரிசோதனை, மற்ற மூட்டுகளின் நிலை எல்லாம் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

கதிர்வீச்சு, எடுக்கும் பரப்பைப் பொறுத்து, சில பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து சில நூறு வரை போகும். தலை முழுவதையும் எடுக்காமல் இரண்டு மூட்டுகளையும் மட்டும் அடக்கும் அளவுக்குப் பரப்பைக் குறைக்கச் சொன்னால் கதிர்வீச்சு நன்றாகக் குறையும். ஸ்கேனுக்கு மருத்துவர் எழுதும் சீட்டிலேயே இதை எழுதிவிடுவது நல்லது.

சாதாரண சி.டி. இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும், ஆனால் கதிர்வீச்சு பல நூறிலிருந்து ஆயிரத்தைத் தாண்டலாம். எலும்பின் அரிப்பைப் பார்க்க மட்டும் என்றால் அவ்வளவு தேவையில்லை. இதை நான் ஒதுக்கி வைப்பது சில சூழலுக்கு: மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய் வாய் திறக்காத நிலை, செயற்கை மூட்டு வைக்கத் திட்டமிடும் அறுவைச் சிகிச்சை, சீழ் பிடித்திருக்குமோ என்ற அவசரச் சந்தேகம். உடல் நடுக்கத்தாலோ கழுத்து வலியாலோ சிபிசிடியில் அசையாமல் இருக்க முடியாதவர்களுக்கும் சி.டி.யின் வேகம் உதவும். சிபிசிடியில் ஒரு சிறு அசைவுகூட குமிழின் ஓரத்தை இரட்டைக் கோடாக்கிவிடும், அதை அரிப்பு என்று தவறாகப் படிக்கவும் இடமுண்டு.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று. சிபிசிடியில் டிஸ்க் தெரியாது, சவ்வு தெரியாது, நீர் தெரியாது. சி.டி.யிலும் இந்த விஷயத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை. அரித்த எலும்பைப் பார்த்துவிட்டு ‘நோய் இப்போதும் தீவிரம்’ என்று சொல்ல முடியாது. ஐந்து வருடத்துக்கு முன் எரிந்து அணைந்த நோயின் தழும்பாகவும் அது இருக்கலாம். வெளித்தோட்டின் கோடு மறுபடி முழுமையாகி, வடிவம் மட்டும் சிறுத்திருந்தால் அணைந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

அழற்சிக்கு: எம்.ஆர்.ஐ., அதிலும் கான்ட்ராஸ்ட் ஊசியோடு

இப்போது எரிகிறதா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது எம்.ஆர்.ஐ. ஒன்றுதான். கதிர்வீச்சு கிடையாது. டிஸ்க், மூட்டு நீர், தடித்த சவ்வு, மஜ்ஜையின் நீர்க்கோப்பு எல்லாம் தெரியும். கை மூட்டுகளில் மஜ்ஜை நீர்க்கோப்பு இருக்கும் இடத்தில்தான் பின்னாளில் அரிப்பு வருகிறது என்பது வாத மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்டது. எலும்பு இன்னும் போகவில்லை, ஆனால் போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளம் அது. எக்ஸ்ரேயாலும் சாதாரண சி.டி.யாலும் இதைக் காட்ட முடியாது.

ஆனால் ‘எம்.ஆர்.ஐ. எடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பெரும்பாலான மையங்களில் தாடை மூட்டு எம்.ஆர்.ஐ. என்றால் டிஸ்க் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான முறையில் எடுப்பார்கள்: வாய் மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை, ஊசி இல்லாமல். தாடையில் டக் டக் என்று சத்தம் வருபவர்களுக்கு அது சரி. வாத நோயாளிக்குக் கேள்வியே வேறு. ஊசி இல்லாத படத்தில் மூட்டு நீரும் வீங்கிய சவ்வும் ஒரேபோல் வெளுப்பாகத் தெரியும், எது எது என்று பிரிப்பது கஷ்டம். கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றி, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிய முறையில் உடனே எடுத்தால், இரத்த ஓட்டம் மிகுந்த சவ்வு பளிச்சென்று ஒளிரும், நடுவிலுள்ள நீர் இருண்டு நிற்கும். ஒளிரும் அந்த விளிம்புதான் நாம் தேடிவந்தது.

‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேரம் போகப் போக மருந்து சவ்விலிருந்து நீருக்குள் கசிந்து எல்லாமே வெளுத்துவிடும், அப்போது சவ்வு இருப்பதைவிடத் தடிப்பாகத் தோன்றும். ஊசிக்குப் பின் முதல் சில நிமிடங்களுக்குள் எடுத்த படம்தான் நம்பகமானது. இன்னொன்று, நோயில்லாத மூட்டிலும் கொஞ்சம் நீரும் மெல்லிய ஒளிர்வும் இருக்கலாம். குழந்தைகளிடம் இது நன்றாகவே தெரிந்த விஷயம். எனவே ‘லேசான ஒளிர்வு’ என்ற அறிக்கையை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவது அவசரம். சவ்வின் தடிப்பு, நீர், மஜ்ஜை நீர்க்கோப்பு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால்தான் மருந்தில் கை வைக்கலாம்.

டிஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணத் தாடைத் தொல்லையில் டிஸ்க் முழுசாக இருக்கும், இடம்தான் மாறியிருக்கும். முடக்கு வாதத்தில் இடம் மாறாமலே மெலிந்து, ஓட்டை விழுந்து, சில மூட்டுகளில் இருந்த தடமே தெரியாமல் பன்னஸ் நிறைந்திருக்கும். இதைப் பார்த்தால் வலிக்குக் காரணம் பல் நெறிப்பதா வாதமா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

சிரமங்களும் சின்னவை அல்ல. மல்லாந்து படுத்து, காதுகளுக்கு மேல் காயில் என்ற கருவியை வைத்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டையை வாய்க்குள் வைத்துத் திறந்தபடி சில நிமிடங்கள். வாதத்தால் கழுத்து பாதித்தவருக்கு இது பெரிய சோதனை. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தலையை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பது அதைப் பொறுத்தது. காலை விறைப்பு அதிகம் உள்ளவர்கள் மதியத்துக்கு மேல் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாய் திறக்கும் அளவைவிடப் பெரிய கட்டையைத் திணிக்க வேண்டாம் என்று சொல்லவும் தயங்க வேண்டாம். அழற்சியைப் பார்ப்பதற்கு வாய் மூடிய படங்களே முக்கியம், திறந்த படத்தை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர், காதில் காக்ளியர் கருவி உள்ளவர்களுக்கு அந்தக் கருவியின் வகையைப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். பற்களில் கட்டிய கம்பி படத்தைச் சிதைக்கலாம். கான்ட்ராஸ்ட் என்று வரும்போது சிறுநீரகம் முக்கியம். வாத நோயாளிகள் வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், அதனால் சிறுநீரகப் பரிசோதனை புதியதாகக் கையில் இருக்கட்டும். சிறுநீரகம் வடிகட்டும் திறன் (அறிக்கையில் இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பழைய வகைக் கடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் கடுமையான நோய் வந்தது உண்டு. இப்போது பயன்படும் வளைய அமைப்பு மருந்துகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு, ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. கர்ப்பமாக இருந்தால் ஊசியைத் தவிர்ப்பார்கள், ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

எலும்பு விஷயத்தில் எம்.ஆர்.ஐ. சிபிசிடிக்குக் கீழேதான். பெரிய அரிப்பு தெரியும், சிறியது தப்பும்.

அல்ட்ராசவுண்ட் எங்கே பொருந்தும்?

கை மூட்டுகளில் அல்ட்ராசவுண்ட் கொண்டுவந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் தாடையிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஊசி வேண்டாம், கதிர் வேண்டாம், மருத்துவரின் அறையிலேயே பார்த்துவிடலாம், நோயாளி வாயைத் திறந்து மூடும்போதே அசைவையும் பார்க்கலாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி அலை எலும்பைத் தாண்டாது. கன்னத்து வளைவெலும்பும் குமிழும் மறைப்பதால் மூட்டின் வெளிப்பக்க ஓரம் மட்டுமே தெரியும், உட்பக்கம் முழுக்க இருட்டு. அந்த ஓரத்தில் மூட்டுறை விரிந்திருக்கிறதா, நீர் இருக்கிறதா, டாப்ளரில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று சொல்லலாம். பார்ப்பவரின் கைப்பழக்கம் முடிவை மாற்றும், இதில் பழகியவர்களும் குறைவு.

எனவே அல்ட்ராசவுண்டில் நீர் தெரிந்தால் அது உதவியான செய்தி, தெரியாவிட்டால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எனக்கு இதன் உண்மையான பயன் இரண்டு இடங்களில் தெரிகிறது. எம்.ஆர்.ஐ.யில் அழற்சி உறுதியான ஒருவரைச் சிகிச்சையின்போது இடையிடையே பார்ப்பது ஒன்று. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும்போதோ நீர் எடுக்கும்போதோ ஊசிமுனை எங்கே போகிறது என்று வழிகாட்டுவது மற்றொன்று.

மற்றவற்றை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தலையின் பக்கவாட்டிலிருந்து எடுத்த பழைய தனி எக்ஸ்ரேக்கள் சிபிசிடி கிடைக்கும் இடத்தில் தேவையில்லை. மூட்டுக்குள்ளேயே மருந்தை ஏற்றி எடுத்த ஆர்த்ரோகிராம் எம்.ஆர்.ஐ. வந்தபின் போய்விட்டது. எலும்பு ஸ்கேன், டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுப்பது, மூட்டில் ஏதோ நடக்கிறது என்று காட்டும், வாதமா தேய்மானமா சீழா என்று சொல்லாது.

சரி, யாருக்கு எது?

தாடையில் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு, வாய் தன் மூன்று விரல்களை அடுக்கி வைக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 40 மில்லிமீட்டர் திறந்தால், படமே வேண்டாம். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் மெல்லும்போது வலிக்கிறதா, காலையில் தாடை இறுகுகிறதா, கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், மாறியதுபோல் இருக்கிறதா என்று கேட்டு, திறக்கும் அளவை ஒரு ஸ்கேலால் அளந்து எழுதினால் போதும். அந்த எண் 35க்குக் கீழே போனாலோ, முன்பைவிடத் தெளிவாகக் குறைந்தாலோ அடுத்த படிக்குப் போகலாம்.

காதுக்கு முன்னால் வலி, காலையில் இறுக்கம், ஆனால் கடி மாறவில்லை என்பவருக்கு முதலில் ஓபிஜி, பல் காரணங்களை விலக்கத்தான். அதில் ஒன்றும் இல்லையென்றால் சிபிசிடிக்குத் தாவ வேண்டாம். இங்கே கேள்வி அழற்சி. வாதத்துக்கான மருந்தைக் கூட்டலாமா, மாற்றலாமா, மூட்டுக்குள் ஊசி போடலாமா என்ற முடிவு அதைத்தான் சார்ந்திருக்கிறது. எனவே கான்ட்ராஸ்ட் ஊசியோடு எம்.ஆர்.ஐ. நடைமுறையில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. சிபிசிடி எளிதாகக் கிடைப்பதால் அதை எடுத்து, ‘அரிப்பு இல்லை’ என்று வந்ததும் நிம்மதியாக அனுப்பிவிடுகிறார்கள். அரிப்பு இல்லாத கட்டத்தில்தான் சிகிச்சையால் மூட்டைக் காப்பாற்ற முடியும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்பற்கள் சேராமல் இடைவெளி விழுந்திருக்கிறது, முகவாய் பின்னால் போயிருக்கிறது என்பவருக்கு எலும்பு போயிருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும். எவ்வளவு என்று அளக்கச் சிபிசிடி. பல்லைச் சீரமைக்கும் முன், கம்பி கட்டும் முன், அறுவைச் சிகிச்சைக்கு முன் நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. இங்கே இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எரிந்துகொண்டிருக்கும் மூட்டின் மேல் கடியைச் சரிசெய்தால் எலும்பு மேலும் போகப் போக அந்த வேலை வீணாகும். இந்த நிலையில் உள்ளவர் எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும், அது முழங்காலுக்கே ஆனாலும், மயக்க மருத்துவரிடம் தாடையைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாய் சரியாகத் திறக்காதவருக்கு மூச்சுக்குழல் வைப்பது ஆபத்தான வேலை.

எம்.ஆர்.ஐ.க்குள் போகவே முடியாதவருக்கு? சிபிசிடியும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்து ஓரளவு கை கொடுக்கும். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துத் திறக்கும் அளவும் கடியும் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த இடத்தில் ஒரு பரிசோதனைதான்.

சில அறிகுறிகளுக்கு இந்த வரிசையெல்லாம் பொருந்தாது. உயிரியல் மருந்து (நோயெதிர்ப்பை அடக்கும் பயாலஜிக் ஊசி) எடுப்பவருக்கு ஒரு பக்க மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் சீழ் என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, மெல்வதை நிறுத்தினால் குறைவது, பார்வையில் மாற்றம் என்று வந்தால் அது நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம், கண் போகும் ஆபத்து உண்டு, தாடை ஸ்கேனுக்காகக் காத்திருக்கக்கூடாது. எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) நீண்டகாலம் ஊசியோ மாத்திரையோ எடுத்தவருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்தால் அது மூட்டுப் பிரச்சினையே அல்ல, தாடை எலும்பு மடிவது. பல் மருத்துவரிடம் அந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

எந்த ஸ்கேனானாலும் சீட்டில் ‘டி.எம்.ஜே. ஸ்கேன்’ (டி.எம்.ஜே. என்பது தாடை மூட்டின் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். ‘முடக்கு வாதம் உள்ளவர், இரண்டு தாடை மூட்டுகளிலும் சவ்வழற்சி இருக்கிறதா, கான்ட்ராஸ்ட் தேவை’ என்றோ, ‘குமிழின் அரிப்பு எவ்வளவு, மூட்டுகளுக்கு மட்டும் குறுகிய பரப்பு’ என்றோ எழுதித் தரும்படி கேளுங்கள். எடுப்பவர் முறையைத் தேர்ந்தெடுப்பதும் படிப்பவர் தேடுவதும் அந்த வரியை வைத்துத்தான். எடுத்து முடித்ததும் அச்சிட்ட பிலிமோடு நிறுத்தாமல் ஸ்கேனின் மூல டிஜிட்டல் கோப்புகளான டைகாம் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் யாரோ தேர்ந்தெடுத்த சில வெட்டுகள்தான் இருக்கும், கோப்பில் முழு மூட்டும் இருக்கும். ஓராண்டு கழித்து மறுபடி எடுக்க வேண்டி வந்தால் முடிந்தவரை அதே மையத்தில், அதே முறையில், முந்தைய கோப்பைக் கையில் கொடுத்து எடுங்கள். அரை மில்லிமீட்டர் அரிப்பு கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு வேறு வேறு கருவிகளில் எடுத்த இரண்டு படங்களை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது.